பள்ளிப் படிவத்தில் கார்டியன், பத்திரத்தில் யார்?

கேள்வி: என் அண்ணனும் அண்ணியும் இரண்டு வருடங்களுக்கு முன் விபத்தில் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய ஒரே மகளுக்கு இப்போது 14 வயது. அத்தையான நான்தான் வளர்க்கிறேன். பள்ளியில் கார்டியன் என்று என் பெயர்தான் இருக்கிறது. அண்ணன் தன் சம்பளத்தில் வாங்கிய மனை ஒன்று உண்டு. கடன்காரர்கள் நெருக்குவதால் அதை விற்க நினைக்கிறோம். பதிவு அலுவலக வாசலில் ஒருவர், “கார்டியன் அபிடவிட் போட்டு நோட்டரி கையெழுத்து வாங்கித் தருகிறேன், 15,000 ரூபாய் ஆகும், அப்புறம் நீங்களே கிரயம் எழுதிக் கொடுக்கலாம்” என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அவருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார்டியன் என்ற ஒரே சொல்லை நாம் பல இடங்களில் பல பொருளில் சொல்கிறோம். உங்கள் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பள்ளிப் படிவத்தில் கார்டியன் என்றால் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது, ரேங்க் கார்டில் யார் கையெழுத்து என்பதுதான். கல்லூரி விடுதியில் கேட்கும் லோக்கல் கார்டியன், ஊரில் இருக்கும் தெரிந்தவர், அவ்வளவுதான். இதே சொல்லைத் தமிழில் காப்பாளர் என்று எழுதினால் விடுதி வார்டனும் காப்பாளர்தான். இவர்கள் யாருக்கும் பிள்ளையின் சொத்தில் கை வைக்க அதிகாரம் இல்லை.

சட்டத்தில் கார்டியன் என்பது வேறு. 1956 ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் என்றால் அப்பா, அம்மா. பழைய பத்திரங்களில் ‘மைனருக்குத் தகப்பனாரும் கார்டியனுமான’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அப்பா அம்மாவுக்கு உரிய சொல். அவர்களே மைனரின் வீடு, மனையை விற்க வேண்டுமென்றால் முன்கூட்டி நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். பெற்றவர்களுக்கே அப்படியென்றால் அத்தைக்கு எப்படி இருக்கும்?

அன்பினால் பிள்ளையை வளர்த்துக்கொண்டு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இருப்பவரைச் சட்டம் நடைமுறைக் காப்பாளர் என்று பார்க்கிறது. நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள். அந்தக் காரணத்தை வைத்து மட்டும் அவர் மைனரின் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 11 ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது. மைனரின் பங்கை அக்காவே கார்டியனாக நின்று விற்ற ஒரு வழக்கில், அந்தக் கிரயம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி அந்த அபிடவிட். ‘நான்தான் கார்டியன்’ என்று நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரை குத்தினால், நீங்கள் அப்படிச் சொன்னீர்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. நோட்டரிக்குக் கார்டியனை நியமிக்கும் அதிகாரம் கிடையாது. பத்திரம் பதிவாகிவிட்டால் போதும் என்றும் சொல்வார்கள். பதிவு என்பது உரிமைக்குச் சான்று ஆகாது. செல்லாத கிரயம் பதிவான பிறகும் செல்லாததுதான். தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான்கு வருடம் கழித்து அந்தப் பெண் மேஜராகி வழக்குப் போட்டால் கூண்டில் நிற்கப் போவது நீங்கள், பணத்தை இழக்கப் போவது மனை வாங்கியவர்.

இன்னும் இரண்டு வலை விரிப்பார்கள். ஒன்று, பிள்ளையிடமே பவர் எழுதி வாங்கலாம் என்பது. மைனர் எழுதிக் கொடுக்கும் பவர் வெறும் காகிதம். இன்னொன்று, இப்போது அட்வான்ஸ் வாங்கி அக்ரிமென்ட் போடலாம், 18 வயது முடிந்ததும் கிரயம் செய்யலாம் என்பது. உங்கள் கையெழுத்து அவளைக் கட்டுப்படுத்தாது. வாங்கிய அட்வான்ஸ் மட்டும் உங்கள் தலையில் நிற்கும்.

ஒரு விதிவிலக்கை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். தரகர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தைக் குடும்பத்தின் மேஜர் ஒருவர் நிர்வகித்து வந்தால், அதில் மைனருக்குள்ள பங்குக்குத் தனியாகக் காப்பாளர் நியமிக்க வேண்டியதில்லை. குடும்பத் தலைவர் குடும்ப அவசியத்துக்காக விற்கும்போது நீதிமன்ற அனுமதியும் தேவையில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது பூர்வீகச் சொத்துக்கு. தாத்தா வழியில் வந்து இன்னும் பாகம் பிரியாத நிலம் என்றால் அதைப் பற்றிப் பேசலாம். உங்கள் அண்ணன் சம்பளத்தில் வாங்கிய மனை அவருடைய தனிச் சொத்து. அவர் இறந்ததும் அது வாரிசுகளுக்குத் தனித்தனிப் பங்காகப் போகிறது, கூட்டுக் குடும்பச் சொத்தாக ஆவதில்லை. ‘எல்லாரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள், இது கூட்டுக் குடும்பம்தானே’ என்பார்கள். ஒரே அடுப்பில் சமைப்பதால் சொத்து கூட்டுச் சொத்தாகிவிடாது.

வாரிசு என்றதும் ஒன்று கேட்கிறேன். அண்ணன் இறந்தபோது உங்கள் அம்மா உயிரோடு இருந்தாரா? உங்களுக்கு இந்து வாரிசுச் சட்டம் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால், இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அவருக்கும் பங்கு உண்டு. வட்டாட்சியரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

சரியான வழி, 1890 ஆம் ஆண்டு காப்பாளர் மற்றும் இளவர் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப் போடுவது. வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். பிள்ளையின் சொத்துக்கு என்றால் மாவட்ட நீதிமன்றம். பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்புக்கு மட்டும் என்றால் குடும்ப நீதிமன்றம். ஒரே பிள்ளைக்கு இரண்டு வாசல் ஏன் என்று எனக்கும் இத்தனை வருடத்தில் கோபம் அடங்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத குழந்தையின் மனு வாய்தா மேல் வாய்தா வாங்குவதைப் பார்க்கும்போது, மக்கள் ஏன் வாசலில் நிற்கும் தரகரிடம் போகிறார்கள் என்பது புரிகிறது. இருந்தாலும் வேறு வழி இல்லை.

நீதிபதி பிள்ளையின் நலனைத்தான் பார்ப்பார். 14 வயது என்பதால் அவளிடமும் கேட்க வாய்ப்பு அதிகம். உறவினர்களுக்கு நோட்டீஸ் போகும். எனவே அவளுடைய தாய்மாமன் இருந்தால் முதலிலேயே போய்ப் பேசி, சம்மதத்தை எழுதி வாங்கி வையுங்கள். மனு இழுப்பதற்குப் பாதிக் காரணம் கேட்காமல் விட்ட உறவுதான்.

உத்தரவு வந்துவிட்டால் உடனே விற்கலாம் என்றும் எண்ண வேண்டாம். நியமிக்கப்பட்ட காப்பாளரும் விற்பதற்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். அவசியம் இருக்கிறது, அல்லது பிள்ளைக்குத் தெளிவான நன்மை இருக்கிறது என்று காட்ட வேண்டும். விற்ற பணத்தில் அவள் பங்கை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வது வழக்கம். அதனால், அந்தப் பணம் முழுவதும் கடனுக்கு உதவும் என்று இப்போதே யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கடனையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அண்ணன் கையெழுத்திட்ட கடன் என்றால், அவர் விட்டுச் சென்ற சொத்து அளவுக்குத்தான் வாரிசிடம் கேட்க முடியும். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை என்றால் உங்களைக் கேட்க முடியாது. நோட்டு, செக், எதுவாக இருந்தாலும் நகல் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

வக்கீல் செலவுக்கு வழி இல்லை என்றால், உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது 1987 ஆம் ஆண்டுச் சட்டம். போகும்போது இரண்டு இறப்புச் சான்றிதழ்கள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மனையின் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுபோங்கள். மூலப் பத்திரத்தை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். அந்த 15,000 ரூபாய்க்காரர் ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று கேட்டாலும் கையில் கொடுக்காதீர்கள்.