கடலடி மீத்தேன்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மீத்தேன் திட்டத்தை எதிர்த்து எங்கள் பக்கம் ஊர் ஊராகத் திரண்டோம். இப்போது வங்கக்கடலுக்கு அடியிலும் மீத்தேன் இருக்கிறது என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?
– மன்னார்குடி வாசகி

வாயு ஒன்றுதான், இருக்கும் இடமும் எடுக்கும் வழியும் வேறு. உங்கள் பகுதியில் பேசப்பட்டது, நிலத்தடி நிலக்கரிப் படுகையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீத்தேன். அதை வெளியே கொண்டுவர, படுகையில் உள்ள தண்ணீரை முதலில் இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நிலத்தடி நீர் இறங்கிவிடாதா, இறைத்த உப்பு நீரை எங்கே விடுவார்கள் என்று நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அத்தகைய புதிய திட்டங்களுக்குத் தடை போட்டது. நரிமணம், குத்தாலம் கிணறுகளில் வருவது மூன்றாவது வகை: ஆழத்துப் பாறைகளில் தேங்கிய வழக்கமான எண்ணெயும் எரிவாயுவும்.

கடலடியில் தேடுவது மீத்தேன் ஹைட்ரேட். தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டாகக் கட்டி, உள்ளே மீத்தேனைப் பிடித்து வைத்திருக்கும் திடப்பொருள் அது, பார்வைக்குப் பனிக்கட்டி. 1 கன மீட்டர் ஹைட்ரேட் உடைந்தால் சுமார் 164 கன மீட்டர் வாயுவும் 0.8 கன மீட்டர் தண்ணீரும் கிடைக்கும். குளிரும் அழுத்தமும் சேர்ந்தால்தான் அது நிலைக்கும். நம் கடலில் அதற்கு 600, 700 மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். மீனவர் கணக்கில் 350 பாகத்துக்கு மேல். வயலுக்கு அடியிலோ, கரையை ஒட்டிய கண்டத்திட்டிலோ அது இருக்க வழியில்லை. கண்டத்திட்டு முடிந்து ஆழத்துக்கு இறங்கும் கண்டச்சரிவில்தான் தேட வேண்டும்.

பி.எஸ்.ஆர். கோடு தெரிந்தால் ஹைட்ரேட் உறுதி என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். சரியா?
– காரைக்கால் கல்லூரி மாணவர்

சரியில்லை. அந்தக் கோடு ஒரு தடயம், அவ்வளவுதான்.

கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலிகளைக் கொண்டு வரைவது அதிர்வுப் படம். அதில் கடல் தரையின் மேடு பள்ளத்தை அப்படியே பின்பற்றி, அதற்குக் கீழே ஓடும் கோடுதான் பி.எஸ்.ஆர். தரைக்குக் கீழே போகப் போகச் சூடு கூடும். ஓர் ஆழத்துக்குக் கீழே ஹைட்ரேட் தாங்காது. அங்கே மீத்தேன் குமிழியாகத் தேங்கும். ஹைட்ரேட் ஊறிய மண்ணில் ஒலி நொடிக்கு 1,800 மீட்டர் அளவில் ஓடினால், குமிழி உள்ள மண்ணில் 1,500-க்கும் கீழே விழுந்துவிடும். வேகம் இப்படிச் சட்டென்று இறங்குவதால், அங்கிருந்து திரும்பும் அலை கடல் தரை அலைக்குத் தலைகீழாக வரும்.

கையாலேயே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. கடல் ஆழம் 1,000 மீட்டர், தரையில் வெப்பம் 6.5 டிகிரி, கீழே 100 மீட்டருக்கு 4 டிகிரி ஏற்றம் என்று வையுங்கள். 170 மீட்டர் கீழே வெப்பம் 13.3 டிகிரி, அழுத்தம் ஏறக்குறைய 118 பார். உப்பு நீரில் அந்த அழுத்தத்தில் ஹைட்ரேட் தாங்கும் எல்லையும் கிட்டத்தட்ட அதே வெப்பம்தான். ஆகவே கோடு அந்த ஆழத்தில்தான் விழும். ஒலி அந்த 170 மீட்டரைப் போய்த் திரும்ப வேண்டும் என்பதால், கோடு தரை எதிரொலிக்குச் சுமார் 0.2 விநாடி பின்னால் வர வேண்டும். 0.5 விநாடியில் ஒரு கோட்டைப் பார்த்து பி.எஸ்.ஆர். என்று குறித்திருந்தால், அந்த இடத்தின் வெப்ப ஏற்றம் என்ன என்று கேளுங்கள்.

ஏமாறும் இடங்கள் பல. சிலிக்கா நிறைந்த மண் ஆழத்தில் இறுகினாலும் தரைக்கு இணையாக ஒரு கோடு விழும். அங்கே வேகம் கூடுவதால் அலை தலைகீழாகாது. காற்றை வெடித்து ஒலி எழுப்பும் கருவியான ஏர்கன்னின் காற்றுக் குமிழி மறுபடி மறுபடி சுருங்கி விரிவதாலும் இணைகோடு வரும். இதைப் பிரிப்பது சுலபம்: குமிழிக் கோட்டின் தாமதம் எல்லா இடத்திலும் ஒரே அளவு, பி.எஸ்.ஆரின் தாமதமோ கடல் ஆழமாக ஆழமாகக் கூடும். மண் அடுக்குகளே தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இடத்தில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. சாய்ந்த அடுக்குகளைக் கோடு குறுக்கே வெட்டிப் போனால்தான் நம்பலாம்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. கோடு பளிச்சென்று தெரிவது கீழே உள்ள வாயுவால். மிகச் சிறிதளவு வாயுவே அதற்குப் போதும். மேலே ஹைட்ரேட் எவ்வளவு என்று கோட்டின் பளிச்சைக் கொண்டு அளக்க முடியாது.

அப்படியானால் அளவை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? நம் காவிரிப் படுகைக் கடலில் கண்டிருக்கிறார்களா?
– கும்பகோணம் ஆசிரியை

துளையிட வேண்டும். துளையிலிருந்து வெட்டி எடுக்கும் மண் உருளையை மேலே இழுக்கும்போதே அழுத்தம் குறைந்து ஹைட்ரேட் உடையத் தொடங்கிவிடும். உடையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் உருளை மேல்தளத்துக்கு வந்ததும் அகச்சிவப்புக் கேமராவை ஓட்டிக் குளிர்ந்த இடங்களைக் குறிக்கிறார்கள். அந்தத் துண்டை உடனே வெட்டித் திரவ நைட்ரஜனில் போட வேண்டும். சுணங்கினால் எஞ்சுவது நுரைத்த சேறு. வாயு விரிந்து பிளாஸ்டிக் உறையிலிருந்து மண் பீறிட்டு வரும் ஆபத்தும் உண்டு. அதற்காக உறையில் துளை போட்டு வாயுவை வெளியேற்றுவார்கள். ஹைட்ரேட் உருகிய இடத்தில் நன்னீர் கலப்பதால், மண்ணிடை நீரின் குளோரைடு குறையும். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து ஹைட்ரேட்டின் அளவைக் கணக்கிடலாம். அழுத்தம் குறையாமலே எடுத்துவரும் சிறப்பு உருளைகள்தான் மிக நம்பகமானவை. செலவு அதிகம் என்பதால் சில இடங்களில் மட்டும் எடுப்பார்கள்.

இந்தியாவின் முதல் ஹைட்ரேட் துளையிடும் பயணம் 2006-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பலில் நடந்தது. கேரளம்–கொங்கண், கிருஷ்ணா–கோதாவரி, மகாநதி, அந்தமான் ஆகிய பகுதிகளில் துளையிட்டார்கள். கேரளம்–கொங்கண் பக்கம் ஹைட்ரேட் கிடைக்கவில்லை. கிருஷ்ணா–கோதாவரியில் ஓரிடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு, களிமண் வெடிப்புகளில் அடைந்திருந்தது. 2015-இல் ஜப்பானின் சிக்யூ கப்பல் கிருஷ்ணா–கோதாவரி, மகாநதிப் பகுதிகளுக்குப் போய், மணல் அடுக்குகளில் அடைந்த ஹைட்ரேட்டைக் கண்டது. இரண்டு பயணங்களிலும் காவிரிப் படுகைக் கடல் இல்லை. இங்கே இவ்வளவு இருக்கிறது என்று எங்காவது படித்தால், அது துளையிட்ட கணக்கா, அதிர்வுப் படக் கணக்கா என்று முதலில் பாருங்கள்.

ஆய்வுக் கப்பல் போகும் தடத்தில் வலை போட்டால் என்ன ஆகும்? மீன் ஓடிவிடுமா?
– நாகப்பட்டினம் விசைப்படகு உரிமையாளர்

கப்பல் 4, 5 நாட் வேகத்தில் போகும். பின்னால் ஸ்ட்ரீமர் என்ற, நீருக்குள் எதிரொலியைக் கேட்கும் ஹைட்ரோபோன்கள் கோத்த கேபிள் சில கிலோமீட்டர் நீளத்துக்கு, நீருக்குள் சில மீட்டர் ஆழத்தில் வரும். அதன் முடிவில் விளக்குள்ள வால்மிதவை இருக்கும். கப்பலால் சட்டென நிற்கவோ திரும்பவோ முடியாது, கேபிள் சுருண்டுவிடும். நீரோட்டம் கேபிளைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால், கப்பலுக்கு நேர் பின்னால் மட்டும் விலகினால் போதாது; வால்மிதவையைக் கண்ணால் பார்த்த பிறகே செவுள்வலையை விடுங்கள். வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் சேனலில், ஆய்வுக் கப்பலுடன் வரும் காவல் படகைக் கூப்பிட்டு, அன்றைய தடங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வலை அறுந்தால் நேரம், ஜி.பி.எஸ். எண், படம் மூன்றும் வேண்டும்; இவை இல்லாத இழப்பீட்டு மனு நிற்காது.

ஏர்கன் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அழுத்தக் காற்றை 25 அல்லது 50 மீட்டருக்கு ஒரு முறை வெடிக்கும். நார்வேக்கு வடக்கே பாரென்ட்ஸ் கடலில் நடந்த ஒரு சோதனையில் காட் மீன் பிடிபாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வெடிப்பு நின்று ஐந்து நாள் ஆகியும் பழைய நிலைக்கு வரவில்லை. ஆகவே உங்கள் கவலையை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. பாடு அதிகம் கிடைக்கும் மாதங்களைத் தவிர்த்து ஆய்வு நடத்தச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

ஹைட்ரேட் உடைந்து சரிந்தால் சுனாமி வருமா?
– வேதாரண்யம் வாசகர்

2004 சுனாமிக்குக் காரணம் சுமத்ராவை ஒட்டிய நிலநடுக்கம். ஹைட்ரேட்டுக்கு அதில் பங்கில்லை. பெரிய கடலடிச் சரிவு சுனாமியை உண்டாக்கும் என்பது உண்மை. நார்வேயின் ஸ்டோரெகா சரிவு சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்தது. ஒரு காலத்தில் ஹைட்ரேட்டைக் குற்றம் சொன்னார்கள். வேகமாகக் குவிந்த வண்டலும் நிலநடுக்கமுமே முதன்மைக் காரணம் என்பதே இன்றைய முடிவு.

உற்பத்தி ஏன் இன்னும் தொடங்கவில்லை?
– திருவாரூர் வாசகர்

மணல்தான் பெரிய தடை. ஜப்பான் 2013-இல் தன் கடலோரத்தில் உள்ள நான்கை பள்ளத்தில் அழுத்தத்தைக் குறைத்து, 6 நாளில் சுமார் 1,20,000 கன மீட்டர் வாயு எடுத்தது. மணலைப் பிணைத்திருந்த ஹைட்ரேட் கரைந்ததும் மணல் கிணற்றுக்குள் பாய்ந்து சோதனை நின்றது. 2017-இல் சல்லடையை மாற்றியும் ஒரு கிணற்றில் அதே சிக்கல். சீனா தென் சீனக் கடலின் ஷென்ஹூ பகுதியில் அதே ஆண்டு 60 நாள் ஓட்டிக் காட்டியது. வணிக உற்பத்திக்கு ஒரு கிணறு ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும்.

நெல் வயலிலும் மீத்தேன் வருகிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– திருத்துறைப்பூண்டி விவசாயி

உண்டு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் இரண்டு இடத்திலும் ஒரே வகை. கடல் மண்ணின் மேல் அடுக்கில் சல்பேட் இருக்கும் வரை, அதைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். சல்பேட் தீர்ந்த ஆழத்துக்குக் கீழேதான் மீத்தேன் சேரும். கடலோர உப்பு நிலங்களிலும் சல்பேட் மீத்தேனைக் குறைக்கும். நன்னீர் வயலில் அந்தத் தடை இல்லை. அங்கே காய்ச்சலும் பாய்ச்சலும்தான் வழி: துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. நீர் கட்டுங்கள். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் தருணத்திலும் காயவிடாதீர்கள்.