ஐப்பசி மழைக்கு முன்: வீட்டு ரிப்பேர் கேள்வி பதில்

30 வருடம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு என்று பெயர். தெருவில் யார் வீட்டில் குழாய் சொட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். புரட்டாசியில் வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. புதுக் குழாய்தான் வாங்க வேண்டுமா?

முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள். பல சுற்றுத் திருகும் பழைய குழாய் என்றால் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ந்துதான் சொட்டும். இறுக்க இறுக்க இன்னும் வேகமாக நசுங்கும். குழாய்க்குத் தண்ணீர் வரும் வழியில் உள்ள கேட் வால்வை மூடி, குழாயின் தலையைக் கழற்றி, பழைய வாஷரைக் கையோடு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அது அரித்துப் போயிருந்தால் எந்த வாஷர் போட்டாலும் நிற்காது. அப்போது புதுக் குழாய்தான்.

கால் சுற்றிலேயே திறந்து மூடும் குழாய் என்றால் உள்ளே வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் வில்லைகள் இருக்கும். போர் தண்ணீரின் உப்பு அதில் படிந்தால் சரியாக மூடாது. உள்பாகத்தைக் கழற்றி வினிகரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். பலிக்கவில்லை என்றால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம்.

மறுபடி மாட்டும்போது டெஃப்லான் டேப் சுற்றுவீர்கள். மரையின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே அவிழ்ந்து வந்துவிடும். பத்தில் ஐந்து பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அண்ணே, மேல்தொட்டி சீக்கிரம் காலியாகிவிடுகிறது. எங்கேயும் கசிவு தெரியவில்லை.

கழிவறை ஃப்ளஷ் டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே அடைக்கும் ரப்பர் போய்விட்டது. மாற்றுவது சின்ன வேலை.

ஐயா, படுக்கையறை சீலிங்கில் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஈரத்திட்டு. பெயின்ட் கடையில் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்கள். அடிக்கலாமா?

உள்ளே அடிப்பதா, மேலே அடிப்பதா? உள்ளே அடித்தால் காசு வீண். ஈரம் உள்ளேயே தங்கி, அடுத்த மழையில் பெயின்ட் தோல் மாதிரி உரியும்.

கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் தளத்துக்குள் புகுந்து வாட்டம் பார்த்து ஓடி, ஒயர் போகும் குழாய் கிடைத்தால் அதற்குள் இறங்கி, மின்விசிறி கொக்கி இருக்கும் இடத்தில் எட்டிப் பார்க்கும். நுழைந்த இடம் பத்தடி தள்ளி இருக்கலாம். இன்னொன்று, அது மின்விசிறிக்குப் பக்கத்தில் என்கிறீர்கள். மழை நாளில் அந்த அறையின் எம்.சி.பி.யை, அதாவது மெயின் பெட்டியில் அந்த அறைக்கு மின்சாரம் போகும் சுவிட்சை, இறக்கி வையுங்கள்.

இப்போது மாடிக்குப் போங்கள். நான் பார்க்கும் வரிசை இது. முதலில் மழைநீர்க் குழாயின் வாய். அதில் சருகு அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி, சாதாரண மழைக்கே கசியும். அடுத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. அப்புறம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாய் தளத்தைத் துளைக்கும் இடம். கடைசியாகத்தான் தட்டோட்டின் இணைப்புகள். அனேகமாக முதல் மூன்றிலேயே விஷயம் முடிந்துவிடும். மழை இல்லாத நாளிலும் திட்டு பெரிதாகிறதென்றால் அது மழைத் தண்ணீரே இல்லை. குழாய்க் கசிவைத் தேடுங்கள்.

இடம் பிடிபடவில்லை என்றால் சந்தேகமான பகுதியைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டி, ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, சாக்பீஸால் மட்டத்தைக் குறித்து ஒரு நாள் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி மட்டும். மாடி முழுக்க நிறுத்தினால் எங்கே இறங்கியது என்று எப்படித் தெரியும்? எடையையும் மறக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஓர் அங்குலத் தண்ணீர் நின்றால் 25 கிலோ. மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இந்தச் சோதனையே வேண்டாம்.

விரிசல் தெரிந்ததும் அதன் மேலேயே சிமென்டைப் பூசிவிடுகிறார்கள். அது வெயிலில் ஒரே மாதத்தில் பிரிந்துவிடும். விரிசலை உளியால் கொத்தி வாயை அகலப்படுத்துங்கள். தூசியைக் கழுவி, ஈரப்படுத்தி, பாலிமர் திரவம் கலந்த சிமென்ட் கலவையை அழுத்தி அடையுங்கள். கைப்பிடிச் சுவர் மூலையைக் கூர்மையாக விடாமல் சரிவாகப் பூசுங்கள். அது காய்ந்த பிறகு வாட்டர்புரூஃப் பெயின்டை எடுங்கள். அதுவும் மேலே, இரண்டு கோட்.

சீலிங்கில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மட்டும் இது நம் கைவேலை இல்லை. கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் "அதைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்துவிடலாம்" என்கிறார். சரியா சார்?

அந்த எலக்ட்ரீஷியனை மாற்றுங்கள். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டால், அதாவது எங்கேயோ மண்ணுக்குக் கசிந்தால், அது விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். உங்கள் வீட்டில் அது தன் வேலையைச் செய்கிறது.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள். ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. மழையில் மட்டும் விழுகிறதென்றால் என் சந்தேகம் கேட் விளக்கு, மாடிப் படிக்கட்டு விளக்கு, வெளியே இருக்கும் மோட்டார் சுவிட்ச் ஆகியவற்றின் மேல்தான். அந்தப் பெட்டிகளுக்குள் தண்ணீரோடு எறும்பும் குடியிருக்கும். எல்லாம் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் நியூட்ரல் எங்கேயாவது எர்த்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நல்ல எலக்ட்ரீஷியன் தேவை. பெட்டியில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மின்விசிறி ஐந்தில் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது.

மின்விசிறிக்குள் இருக்கும் கண்டன்சர் பலவீனமாகியிருக்கும். வீட்டு மின்விசிறிகளில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். பழையதில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். வேகம் கூடும் என்று பெரியதைப் போட்டால் காயில் சூடேறும். சுவிட்சை மட்டும் நம்பாமல் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஏணியில் ஏறுங்கள்.

அண்ணா, சுவரில் டிரில் போட்டு அலமாரி மாட்டினேன். ஒரே வாரத்தில் திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கோடு பெயர்ந்து வந்துவிட்டது.

பிளக் பூச்சிலேயே நின்றிருக்கும், தம்பி. அரை அங்குலத்துக்குக் குறையாமல் பூச்சு இருக்கும். அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் பிளக் போனால்தான் பிடி. 6 மில்லி பிளக்குக்கு 6 மில்லி சுவர் பிட்தான். ஆட்டி ஆட்டி ஓட்டையைப் பெரிதாக்கக் கூடாது. வேண்டிய ஆழத்தில் பிட்டின் மேல் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் இருக்கும் தூசியை ஊதி எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. டைல்ஸ் என்றால் அதைத் தாண்டும் வரை டிரில்லின் ஹேமரை, அதாவது இடித்துத் துளைக்கும் முறையை, அணைத்துவையுங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், ஒயர் போகும் வழி அது. குழாய்க்கும் அதே விதிதான். எனக்கு இது தெரியும். தெரிந்தும் என் வீட்டுக் குளியலறையில் கண்ணாடி மாட்டப் போய்த் தண்ணீர்க் குழாயைத் துளைத்தேன். அன்று முழுக்க வீட்டில் என் அனுபவத்தைப் பற்றி யாரும் மரியாதையாகப் பேசவில்லை.

ஐயா, அப்பா தச்சு வேலை செய்தவர். அவருடைய உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பழைய இரும்புக்குப் போட மனமில்லை. மீட்க முடியுமா?

போடாதீர்கள். அந்தக் காலத்து இரும்பு என்று எல்லாவற்றையும் புகழ்கிறவன் இல்லை நான். ஆனால் வேலைக்காரர் தேர்ந்தெடுத்து வாங்கிய உளி நன்றாகத்தான் இருக்கும்.

மரப்பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, இரும்பை வினிகரில் ஓர் இரவு போடுங்கள். மறுநாள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு சேறு மாதிரி வரும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, மெஷின் எண்ணெய் தடவுங்கள். உடனே காயவைக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி துரு கட்டும்.

கூர் தீட்ட ஆயில் ஸ்டோன் வாங்குங்கள், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மழமழப்பு. முதலில் உளியின் தட்டையான முதுகைக் கல்லில் படிய வைத்துத் தேயுங்கள். முதுகு மட்டமாக இல்லாமல் கூர் நிற்காது. பிறகு சாய்வுப் பக்கத்தை 25 முதல் 30 டிகிரிக்குள் பிடித்து, எண்ணெய் விட்டு, கோணம் மாறாமல் தேயுங்கள். முனை முழுக்க மறுபக்கம் மெல்லிய பிசிறு விரலில் தட்டினால் போதும். மழமழப்புப் பக்கத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறை எடுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நான்கு இழுப்பு. இழைப்புளியின் தகட்டுக்கும் இதே முறைதான்.

தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் அரிவாளைக் கொடுங்கள், உளியைக் கொடுக்காதீர்கள். வேகச் சக்கரத்தில் சூடேறி முனை நீலமாகிவிட்டால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நீலம் போகும் வரை தேய்த்து எடுத்தால்தான் மறுபடி கூர் நிற்கும்.

ரம்பத்துக்கு முக்கோண அரம் வேண்டும். தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. முதல் ரம்பம் கோணலாகத்தான் வரும்.

மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்கிறது. இழைத்துவிடலாமா?

இப்போது தாராளமாக இழைத்தால் சித்திரையில் விரல் நுழையும் சந்து இருக்கும். கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் பெயின்ட் படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். காய்ந்த நாளில் இரண்டுக்கும் பெயின்ட் அடியுங்கள். அப்புறமும் உரசினால் சாக்பீஸ் தடவி, உரசும் இடத்தை மட்டும் எடுங்கள்.

புது வீட்டுக்குப் போகிறோம். என்னென்ன கருவிகள் வாங்கி வைக்கலாம்?

கட்டிங் பிளேயர், இரண்டு அளவு திருப்புளி, சுத்தியல், பத்து அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர், அளவு டேப், டெஃப்லான் டேப், நல்ல டார்ச். டிரில்லை ஆறு மாதம் கழித்துத் தேவைப்பட்டால் வாங்கலாம். ஏணியை மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு வாங்குங்கள், சொல்லாமல் எடுத்துப் போன என் ஏணி இன்னும் வந்து சேரவில்லை.