அடிமை முறையைக் காத்த கட்சிக்கே கறுப்பின மக்கள் ஓட்டுப் போடுவது ஏன்?

கேள்வியில் பாதி சரிதான். அமெரிக்காவில் அடிமை முறைக்குக் காவல் நின்றது ஜனநாயகக் கட்சி, அதை ஒழித்தது லிங்கனின் குடியரசுக் கட்சி. ஆனால் இதை வைத்துக்கொண்டு இன்றைய தேர்தலுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

குடியரசுக் கட்சியும் அடிமைகளை விடுவிப்போம் என்று சொல்லிக்கொண்டு பிறந்ததல்ல. புதிய பிரதேசங்களில் அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுபவர்களே முடிவுசெய்யட்டும் என்று 1854-இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் வந்தது, கொண்டுவந்தவர் ஜனநாயகக் கட்சியின் ஸ்டீபன் டக்ளஸ். அந்தக் கோபத்தில் கூடியவர்கள்தான் குடியரசுக் கட்சியானார்கள். மேற்கொண்டு பரவக் கூடாது, அவ்வளவுதான் கோரிக்கை. ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் கைவைக்க மாட்டோம் என்று லிங்கன் 1861-இல் அதிபராகப் பதவியேற்ற உரையிலேயே சொன்னார். அடிமை உழைப்போடு வெள்ளைக்கார விவசாயி எப்படிப் போட்டி போடுவான் என்ற கவலைதான் அவர்களில் பலருக்குப் பெரிதாக இருந்தது. அடிமை முறை இருந்த தென் மாநிலங்களோ மனிதர்களைச் சொத்து என்று சொல்லி, அந்தச் சொத்தை வைத்துக்கொள்வது எங்கள் சுதந்திரம் என்றன. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போர்தான் லிங்கனை 1863-இன் அடிமை விடுதலைப் பிரகடனத்துக்கும், நாட்டை 1865-இல் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தத்துக்கும் தள்ளிக்கொண்டு போனது.

அப்புறம் 1877. இழுபறியான தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஹேஸ் அதிபரானார், தெற்கில் கறுப்பின மக்களுக்குப் பாதுகாப்பாக இருந்த மத்தியப் படை விலகிக்கொண்டது. விடுதலை செய்த கட்சியே கைகழுவியது என்றுதான் நான் சொல்வேன். அதன்பின் தெற்கு முழுக்க ஜனநாயகக் கட்சியின் கோட்டை. கறுப்பின மக்கள் ஓட்டுப் போடாதபடி வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று விதவிதமாகத் தடைகள்.

சரி, எப்போது மாறியது? 1964-இல் ஒரே ராத்திரியில் கட்சிகள் இடம் மாறிக்கொண்டன என்பார்கள், அதுவும் தப்பு. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களைப் பார்த்து, 1936-இலேயே வடக்கின் கறுப்பின வாக்காளர்கள் பெருமளவு ஜனநாயகக் கட்சிப் பக்கம் வந்துவிட்டார்கள். 1948-இல் அந்தக் கட்சி சிவில் உரிமையை, அதாவது கறுப்பின மக்களுக்கான சம உரிமையை, தேர்தல் அறிக்கையில் சேர்த்ததும் அதன் தெற்குக்காரர்கள் தங்களில் ஒருவரான ஸ்ட்ராம் தர்மண்டை அதிபர் தேர்தலில் தனியாக நிறுத்தினார்கள், அவர் 4 மாநிலங்களைப் பிடித்தார்.

இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்ட வாக்கெடுப்பைக் கட்சிவாரியாகப் பார்த்தால் குடியரசுக் கட்சியில்தான் ஆதரவு விகிதம் அதிகம், வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கு இதுதான். அமெரிக்க நாடாளுமன்றக் கீழ்ச்சபையின் முதல் வாக்கெடுப்பைப் பிராந்தியவாரியாகப் பிரித்தால் கதையே வேறு: தென் மாநில ஜனநாயகக் கட்சியினரில் 7 பேர் ஆதரவு, 87 பேர் எதிர்ப்பு, தென் மாநிலக் குடியரசுக் கட்சியினர் 10 பேர், பத்துப் பேருமே எதிர்ப்பு. வடக்கில் இரண்டு கட்சியிலும் பெரும்பான்மை ஆதரவு. கோடு கட்சிகளுக்கு நடுவே இல்லை, வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே இருந்தது.

சட்டத்தில் கையெழுத்துப் போட்டது ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஜான்சன். மேல்சபையில் எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி அதே ஆண்டு அதிபர் வேட்பாளராக்கியது. சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் ஜெயித்த 5 மாநிலங்களும் ஆழ்தெற்கில், அதாவது அடிமை முறை மிக ஆழமாக வேரூன்றியிருந்த தென்பகுதியில். தர்மண்டும் அந்த ஆண்டே குடியரசுக் கட்சிக்குத் தாவினார். ஆனால் உள்ளூர் அரசியல் மெதுவாகத்தான் நகர்ந்தது. தெற்கின் கீழ்ச்சபை இடங்களில் பெரும்பான்மையைக் குடியரசுக் கட்சி பிடிக்க 1994 தேர்தல் வரை ஆனது.