மலைக்கு எந்த பிக்-அப்: உள்நாட்டு வண்டியா, வெளிநாட்டு வண்டியா?

வாகனம் – வாசகர் கேள்வி பதில்

பிக்-அப் வண்டிகளைப் பற்றி நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் நான்கினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் வரிசையாகவே வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களுக்குக் கேரட்டும் பீட்ரூட்டும் விவசாயம். விளைச்சலை மேட்டுப்பாளையம் மண்டிக்கு நாங்களே ஏற்றிச் செல்கிறோம். என் தகப்பனார் டாடா 207 வைத்திருந்தார். நான் பல வருடங்களாக மஹிந்திரா பொலேரோ பிக்-அப் ஓட்டுகிறேன். இப்போது புது வண்டி எடுக்கும் நேரம் வந்துவிட்டது. “ஜப்பான் வண்டி எடுத்தால் ஒர்க்‌ஷாப் பக்கமே போக வேண்டாம், இசுசு அல்லது டொயோட்டா எடுப்போம்” என்கிறான் மகன். பழகிய கம்பெனியை விட எனக்கு மனம் வரவில்லை. யார் சொல்வது சரி?
– ஒரு விவசாயி, முத்தொரை பாலாடா

பதில்: உங்கள் வேலைக்கு உள்நாட்டு சரக்கு பிக்-அப்தான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால், பழகிய கம்பெனி என்பதை மட்டும் காரணமாக வைத்து அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

மகன் சொல்லும் பெயர்களை முதலில் பிரித்துப் பார்ப்போம். டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் இந்தியாவுக்கு வந்தது. 2.8 லிட்டர் டீசல் என்ஜினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட உயர்தரமான வண்டி அது. உலகின் பல கரடுமுரடான நாடுகளில் உழைத்துப் பெயர் வாங்கிய வண்டி என்பதிலும் ஐயமில்லை. இசுசு வி-கிராஸும் அதே வகையைச் சேர்ந்தது. ஆனால் இவை குடும்பத்தோடு பயணம் போகவும் எஸ்டேட் சாலைகளில் சுற்றிவரவும் விரும்புகிறவர்களுக்காக இங்கே விற்கப்படுபவை. ஏற்ற அனுமதிக்கப்பட்ட எடை, சரக்கு பிக்-அப்புகளோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. ஹைலக்ஸின் விலையோ பொலேரோ பிக்-அப்பைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கேரட் மூட்டைக்காக இவற்றை வாங்குவது நியாயமான கணக்கு ஆகாது. இசுசுவின் டி-மேக்ஸ் சரக்கு வண்டி மட்டுமே உங்கள் வேலைக்கு நேர்ப் போட்டியாக நிற்கிறது. அதன் எதிரே பொலேரோ பிக்-அப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவற்றை வைத்துப் பார்ப்பதுதான் முறை.

நம்பகம் என்றால் வண்டி பழுதாகாமல் இருப்பது என்றே பலரும் எண்ணுகிறார்கள். மலையில் காய்கறி ஏற்றுபவருக்கு அந்த விளக்கம் போதாது. எந்த வண்டியானாலும் ஒரு நாள் நிற்கும். நின்ற வண்டி எத்தனை நாளில் மறுபடி ஓடும் என்பதே உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. காலையில் பிடுங்கிக் கழுவிய கேரட் மூட்டையில் கிடக்கும்போது, ஒரு கிளட்ச் பிளேட்டோ சென்சாரோ கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வந்து சேரட்டும் என்று காத்திருக்க முடியாது. 2009 நவம்பர் நிலச்சரிவில் சாலைகள் துண்டிக்கப்பட்டதை நீலகிரிக்காரர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. ஊட்டியிலும் குன்னூரிலும் நீங்கள் வழக்கமாகப் போகும் ஸ்பேர் கடைகளில் எந்த வண்டியின் பிரேக் லைனிங், கிளட்ச் செட், வீல் பேரிங், டீசல் ஃபில்டர் அலமாரியில் இருக்கின்றன என்று நேரில் போய்க் கேளுங்கள். விளம்பரம் சொல்லாத விடை அங்கே கிடைக்கும். உள்நாட்டு வண்டி என்று நான் சொல்வதற்கு முதன்மைக் காரணம் இந்த அலமாரிதான்.

இது புதிய பாடமும் அல்ல. 1980-களில் டொயோட்டா, நிசான், மிட்சுபிஷி, மஸ்டா ஆகிய நான்கு ஜப்பானிய நிறுவனங்களும் இந்தியக் கூட்டாளிகளோடு சேர்ந்து இலகு ரக சரக்கு வண்டிகளைக் கொண்டுவந்தன. டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐஷர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்டா என்ற பெயர்களை உங்கள் தகப்பனார் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். தொழில்நுட்பத்தில் அவை நன்றாகவே இருந்தன. ஆயினும் 1986-இல் வந்த டாடா 407 சந்தையைத் தன்வசமாக்கியது. அதன் விலையும், அதிக பாரத்தைப் பொறுத்துக்கொள்ளும் கட்டமைப்பும், எந்த ஊரிலும் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் இருந்ததும் அதற்குத் துணை நின்றன.

உள்நாடு, வெளிநாடு என்ற கோடும் நாம் நினைக்கும் அளவுக்குத் தெளிவாக இல்லை. இசுசு டி-மேக்ஸ் தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகிறது. ஒசூரில் பிறந்த தோஸ்த், 2011-இல் நிசானோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட வண்டி. மஹிந்திராவின் வாகனக் கதையே வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டித் தருவதிலிருந்துதான் தொடங்கியது. ஜப்பானின் சுமிட்டோமோ பெரும்பங்கும் இசுசு சிறுபங்கும் வைத்திருந்த எஸ்.எம்.எல். இசுசு நிறுவனத்தில் 2025-இல் மஹிந்திரா பெரும்பான்மைப் பங்கை வாங்கிவிட்டது.

இனி உங்கள் பற்றுதலைப் பற்றி. பல வருடம் சோறு போட்ட வண்டியின் மேல் பற்று இருப்பது இயல்பு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் நம்புவது உங்களிடம் இருக்கும் அந்த வண்டியை. ஷோரூமில் நிற்பது அதே பெயர் கொண்ட வேறொரு வண்டி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், எல்லாக் கம்பெனி டீசல் வண்டிகளிலும் புகையைச் சுத்திகரிக்கும் பாகங்களும் சென்சார்களும் கூடிவிட்டன. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, சைலன்சர் போதிய அளவு சூடேற வேண்டும். தோட்டத்திலிருந்து பாலாடா வரை மட்டும் போய்வரும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. டாஷ்போர்டில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலியாகத் திரும்பும் நீண்ட ஏற்றம் அதற்கு நல்ல மருந்து. ஆகவே, உங்கள் பழைய பொலேரோவின் நற்பெயரைப் புதிய வண்டியின் கணக்கில் வரவு வைக்காமல், அதே மாடலைக் கடந்த இரண்டு மூன்று வருடங்களாக மலையில் ஓட்டுகிறவர் நாலு பேரிடம் விசாரித்த பிறகு முடிவெடுங்கள். பொலேரோவும் யோதாவும் 2 டன் வரை ஏற்றும் வகைகளில் கிடைக்கின்றன. நீங்கள் வழக்கமாக ஏற்றும் எடையைவிடச் சற்று அதிகம் தாங்கும் வகையை எடுப்பது, எந்தக் கம்பெனி என்பதைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன், அங்கே பிக்-அப் வைத்திருப்பவர்கள் ஃபோர்டு கட்சி, செவர்லே கட்சி, டொயோட்டா கட்சி என்று பிரிந்து நின்று வாதாடுவார்கள் என்கிறான். அங்கேயாவது எது சிறந்தது என்று தீர்ந்துவிட்டதா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தீரவில்லை, தீர்வதற்கான அறிகுறியும் தெரியவில்லை. ஃபோர்டின் எஃப் வரிசை பிக்-அப்கள் 1977 முதல் அந்நாட்டில் மிக அதிகமாக விற்கும் டிரக் என்ற இடத்தை விடாமல் வைத்திருக்கின்றன. இதற்கு மக்களின் பற்றுதல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு விதித்த வரிக்குப் பதிலடியாக, இறக்குமதியாகும் சிறு டிரக்குகளுக்கு 25 சதவீத வரியை அதிபர் லிண்டன் ஜான்சன் விதித்தார். 1964-இல் நடைமுறைக்கு வந்த அந்த வரி பல பத்தாண்டுகள் வெளிநாட்டு பிக்-அப்களை வாசலிலேயே தடுத்து நிறுத்தியது. அரசு போட்ட வேலிக்குள் வளர்ந்த பற்றுதல் அது என்பதை மறந்துவிட்டு, விற்பனையை மட்டும் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவது சரியல்ல.

இன்று அங்கேயும் எல்லைக்கோடு அழிந்துகொண்டுதான் வருகிறது. டொயோட்டாவின் டண்ட்ரா, உங்கள் அக்கா மகன் இருக்கும் டெக்சாஸிலேயே சான் அன்டோனியோ நகரில் தயாராகிறது. ஹோண்டாவின் ரிட்ஜ்லைன் அலபாமாவில் தயாராகிறது. அமெரிக்கப் பெயர் தாங்கிய செவர்லே சில்வராடோ வண்டிகளில் ஒரு பகுதி மெக்சிகோவின் சிலாவோவிலிருந்து வருகிறது.

நம்பகத்திலும் இரு தரப்பும் சறுக்கியிருக்கின்றன. டொயோட்டா டகோமா வண்டிகளின் சேஸி துருப்பிடித்த வழக்கில் 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு அந்த நிறுவனம் 2016-இல் ஒப்புக்கொண்டது. அதே நிறுவனம் 2024-இல், என்ஜினுக்குள் உலோகத் துகள்கள் தங்கிவிட்ட குறைக்காக ஏறத்தாழ 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பெரும்பாலானவை டண்ட்ரா. மறு ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் என்ஜின் பொருத்திய ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. கொடியைப் பார்த்து வண்டி வாங்கியவர்கள் இரு பக்கமும் நஷ்டப்பட்டார்கள். என்ஜின் புதிதாக மாறிய முதல் இரண்டு வருடங்களில் வாங்காமல் பொறுத்திருந்தவர்களே தப்பினார்கள் என்று ஓரளவு சொல்லலாம்; டண்ட்ராவுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

நம் ஊர் அனுபவம் ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இன் இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு தன் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட வேதனையைத் தமிழ்நாடு பார்த்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த நிறுவனம் பத்து வருடம் கழித்து இங்கே இருக்குமா என்ற கேள்வியையும் வாங்குபவர் கேட்டாக வேண்டியிருக்கிறது.

கேள்வி: பழைய பிக்-அப் ஒன்று பார்த்திருக்கிறேன். டி.என். 43 நம்பர், பெயர்பெற்ற கம்பெனி, விலையும் கட்டுப்படியாகிறது. கம்பெனி பெயரை நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: பழைய வண்டியில் கம்பெனி பெயருக்கு இருக்கும் மதிப்பு மிகக் குறைவு, முந்தைய உரிமையாளர் என்ன ஏற்றினார் என்பதே முக்கியம். நீலகிரியில் கேரட்டைக் கழுவி ஈர மூட்டையாகவே ஏற்றுகிறார்கள். அந்தத் தண்ணீர் லோடு பாடியின் தரை இடுக்குகள் வழியாக இறங்கி, பாடியைச் சேஸியோடு இணைக்கும் குறுக்குச் சட்டங்களின் மேல் மண்ணோடு படிந்து நிற்கிறது. உர மூட்டை ஏற்றிய வண்டியானால் அரிப்பு இன்னும் விரைவு. மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். கீழே இரும்பு பொருக்காக உதிரும்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது பழைய சாக்கு ஒன்றை விரித்து அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அந்தக் குறுக்குச் சட்டங்களையும், பின் ஸ்பிரிங் பட்டைகள் சேஸியோடு சேரும் இடங்களையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இடம் மொத்தென்று ஒலித்துத் துருவை உதிர்க்கும். வெல்டிங் ஒட்டுகள் இருந்தால் எதற்காக என்று கேளுங்கள். அடுத்து, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பொருள்; கொண்டை ஊசி வளைவுகளில் பாதி கிளட்சிலேயே ஓட்டிப் பழகியவரின் வண்டி அது.

சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். எஃப்.சி. முடியும் தறுவாயில் விலை குறைத்துத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. தேதியை ஆர்.சி. விவரத்தில் பார்த்துக்கொண்டு, எஃப்.சி. வேலைக்கு ஆகும் செலவையும் விலையில் பேசுங்கள்.

கேள்வி: லோடோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியாறு தாண்டுவதற்குள் பிரேக் லைனிங் கருகும் வாசனை வருகிறது. வண்டி வாங்கி இரண்டரை வருடம்தான் ஆகிறது. வேறு கம்பெனிக்கு மாறினால் சரியாகுமா?
– ஒரு ஓட்டுநர், குன்னூர்

பதில்: மாற வேண்டாம். கம்பெனி எதுவானாலும் இந்த வாசனை வரும். சமவெளிக்காரர்களின் வண்டி லோடோடு மலையேறுகிறது. நம் காய்கறி வண்டியோ லோடோடு இறங்கிக் காலியாக ஏறுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அதிலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே. அத்தனை உயரத்தையும் வண்டி எங்காவது சூடாக மாற்றித் தீர வேண்டும். கியர் அதில் பங்கு எடுக்காவிட்டால் முழுச்சூடும் டிரம்மிலும் டிஸ்க்கிலும் இறங்குகிறது. குன்னூரை விட்டதும் இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். நேரான துண்டுகளில் மூன்றுக்குப் போகலாம். நியூட்ரலில் விடுவது டீசலை மிச்சப்படுத்தும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே இன்றைய என்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து வேகம் குறைத்து, முழுதாக விடுங்கள்.

இரண்டரை வருடத்தில் ஒருமுறையாவது பிரேக் ஆயில் மாற்றினீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் மலையில் ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கே இறங்கிவிடலாம். கொதித்த ஆயிலில் ஆவி சேர்ந்தால், மிதித்த பெடல் பஞ்சுபோல அடிவரை போகும்; வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் முழுவதையும் மாற்றி, பிரேக் குழாயில் சேர்ந்த காற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்குக் கம்பெனி அனுமதித்தால் டாட் 4 ஊற்றலாம். வாசனை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, டிரம் தானாக ஆறும்வரை காத்திருங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும்; அந்த விரிசலோடு மிச்ச வளைவுகளை இறங்குவது, சூடான பிரேக்கோடு இறங்குவதைவிட ஆபத்தானது.