கறள் பிடித்த பெட்டிகள்: கேள்வி பதில்

திருகோணமலையில் ஒரு காலத்தில் மொறிஸ் மைனர் காரோ ஒஸ்ரின் காரோ நின்ற வீடுகளில் இன்றும் கட்டிலுக்குக் கீழேயோ கோடிப்புறத்துக் கொட்டிலிலோ பழைய கார்ச் சாமான்கள் நிறைந்த ஒரு பெட்டி இருக்கும். 1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சாமான் கிடைத்த நேரம் வாங்கி வைத்தார்கள், கழற்றியதையும் எறியவில்லை. என் தகப்பனார் விட்டுப்போன பதினொரு பெட்டிகளை இந்த வருடம்தான் பிரித்து முடித்தேன். அதைக் கேள்விப்பட்டுப் பலர் கேட்டவை கீழே.

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, மூன்று பெட்டி, ஒரு சாக்கு. எதிலிருந்து தொடங்குவது?

கழுவுவதிலிருந்து மட்டும் தொடங்க வேண்டாம். நான் செய்த பிழை அது. முதல் பெட்டியை அப்படியே மண்ணெண்ணெய் வாளிக்குள் கொட்டினேன். மெழுகுத்தாளில் அப்பா பென்சிலால் எழுதியிருந்த குறிப்பெல்லாம் அழிந்து போயிற்று. ஒரு தாளில் "பின் சில்லு, இடது" என்பது மட்டும் மிஞ்சியது. எந்தக் கார் என்று யாரைக் கேட்பது?

பழைய பாயை விரித்து, பெட்டி பெட்டியாகப் படம் எடுங்கள். ஒரே பெட்டியில் கிடந்த சாமான்கள் பெரும்பாலும் ஒரே காரினுடையவை, அந்தச் சேர்க்கையைக் கலைக்க வேண்டாம். அப்புறம் இலக்கம் தேடுங்கள். லூக்காஸ் கம்பனியின் டைனமோ (காருக்கு மின்சாரம் உண்டாக்குவது), டிஸ்ரிபியூட்டர் (அதைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) இவற்றின் உடம்பில் சாமான் இலக்கத்தோடு மாதமும் வருடமும் குத்தியிருக்கும். "6 57" என்றால் 1957 ஜூன். காரின் வயதை அதிலிருந்தே ஓரளவு பிடிக்கலாம்.

கிண்ணியாவிலிருந்து: பெயாரிங் பெட்டிகளில் .020, .040 என்று இருக்கிறது. பிஸ்ரன் பெட்டியிலும் அதே இலக்கம். இரண்டும் ஜோடியா?

இல்லை தம்பி, இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பெயாரிங்கில் .020 என்றால் எஞ்சினின் சுழல்தண்டான கிறாங்கை அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, அதாவது அரை மில்லிமீற்றர் அளவு, கடைந்து மெலிவாக்கிய பிறகு போடுவது. பிஸ்ரனில் அதே இலக்கம் சிலிண்டரை அவ்வளவு அகலமாக்கிய பிறகு போடுவது. ஒன்று சிறுத்ததற்கு, மற்றது பெருத்ததற்கு. உங்கள் கிறாங்கை அளந்து பார்க்காமல் அந்தப் பெயாரிங்கைப் போட்டால் ஒன்றில் இறுகும், இல்லை ஆடும்.

இன்னொன்றும் பாருங்கள். மைனரில் 803 சிசி எஞ்சினும் 1956இல் வந்த 948 சிசியும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் 948இன் கொன்றொட் (பிஸ்ரனைக் கிறாங்கோடு இணைக்கும் தண்டு) பெயாரிங் பெரியது. மாற்றிப் போட முடியாது.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: 2004 கடல் வந்தபோது பெட்டி தண்ணீரில் மூழ்கியது. பிறகு யாரும் திறக்கவில்லை. ஏதும் தேறுமா?

தேறும், ஆனால் எல்லாம் இல்லை. பந்து வைத்த பெயாரிங்குகளைக் கையில் சுற்றிப் பாருங்கள். மணல் கடிப்பதுபோல் நறநறவென்றால் எறிந்துவிடலாம், உள்ளே குழி விழுந்திருக்கும். கனமான இரும்பு, ஹப், லீவர், பிறக்கற் போன்றவை பிழைக்கும்.

கறளுக்குள் உப்பு இருக்கும்வரை எண்ணெய் பூசினாலும் அடியில் அரிக்கும். முதலில் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுங்கள், ஒரு வாரமாவது. பிறகு பிளாஸ்ரிக் வாளியில் பத்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து, பற்றரி சார்ஜரின் நெகற்றிவ் கம்பியைச் சாமானிலும் பொசிற்றிவ் கம்பியை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் கொழுவி, இரண்டும் முட்டாமல் தொங்கவிடுங்கள். இரவு முழுக்க நுரைக்கும். காலையில் கறள் கறுப்புச் சேறாகத் தூரிகையிலேயே வரும். வாளி வெளியில்தான் இருக்க வேண்டும், வரும் வாயு தீப்பிடிக்கும். எவர்சில்வர் துண்டைப் பொசிற்றிவ் பக்கம் கொழுவ வேண்டாம், கரைசல் நஞ்சாகும். அலுமினியத்தைப் போடவே வேண்டாம், சோடா தின்றுவிடும்.

எடுத்தவுடன் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். நம் ஊர்க் காற்றில் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். கச்சான் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் செய்தால் பாதி வேலை வெயிலே செய்யும். வாடை தொடங்கினால் தொடாதீர்கள்.

பாலையூற்று: பிரிக்காத பெட்டியில் பிறேக் றபர்கள், புத்தம் புதிது. போடலாமா?

கூடாது. பெட்டி புதிது, றபருக்கு ஐம்பது வயது. நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் மீளாவிட்டால் முடிந்தது. மீண்டாலும் நான் போடமாட்டேன். உள்விட்டம் அளக்க மாதிரியாக வைத்திருங்கள், புதியது வாங்க உதவும். டிஸ்ரிபியூட்டரில் வரும் பழைய கொண்டென்சர்களும் அப்படித்தான், பாவிக்காமலே செத்திருக்கும்.

அதே ஆள்: பிறேக் சூக்களும் இருக்கின்றன.

சூவின் மேல் உரசும் பட்டையான பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். காற்றடிக்கவோ தேய்க்கவோ வேண்டாம். ஈரமாக்கிப் பையில் கட்டி வையுங்கள்.

தம்பலகாமம்: பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் இரண்டு, எஸ்.யு. கம்பனியுடையவை. நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கலாமா?

மிதவைக் கிண்ணம், லீவர், திருகு எல்லாம் மாற்றலாம். மேலே உள்ள குடமும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்ரனும் மட்டும் ஒன்றுக்கொன்று பொருத்தி வந்தவை, பிரித்தால் சிக்கும் அல்லது காற்றுக் கசியும். பெற்றோல் நனைத்த துணியால் துடைத்தால் போதும், அரத்தாள் பக்கம் போகாதீர்கள். பிஸ்ரனில் செருகிய ஊசியின் தடித்த பகுதியில் எழுத்துக் குத்தியிருக்கும், அதையும் எழுதி வையுங்கள்.

சீனன்குடா: பால்மா ரின் நிறைய நட்டும் போல்டும். எல்லாம் ஒரே மாதிரி.

கண்ணுக்குத்தான். கால் அங்குலப் போல்டில் பி.எஸ்.எஃப். என்ற பழைய பிரித்தானியப் புரி வகை என்றால் அங்குலத்துக்கு 26 புரி, பிறகு வந்த யூ.என்.எஃப். வகை என்றால் 28. இரண்டு சுற்று ஏறிப் பிறகு இறுகும், ஸ்பானரால் நெருக்கினால் புரி போய்விடும். கையால் கடைசிவரை ஏறாத நட்டு அந்தப் போல்டினுடையதல்ல.

மூதூர்: பழைய இலக்கத் தகடு ஒன்று, ஆங்கில எழுத்து இரண்டு, ஸ்ரீ இல்லை.

தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து 1950களின் பிற்பகுதியில் வந்தது, உங்களுடையது அதற்கு முந்தியது. காரின் பதிவுப் புத்தகமும் அகப்பட்டால் சேர்த்து வையுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஓர் அக்கா: அவர் போய் மூன்று வருடம். பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் கேட்கிறார். கொடுத்துவிடவா?

கொஞ்சம் பொறுங்கள் அக்கா. தராசில் டைனமோவும் தண்டவாளத் துண்டும் ஒன்றுதான். விளக்கு வளையம், கதவுப் பிடி, மீற்றர், காபரேற்றர் இவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கலாம். குரோமில் புளி வேண்டாம், கசக்கிய அலுமினியத் தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். மிச்சத்தைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் உப்புவெளிப் பக்கம் வருவேன், அதுவரை சாக்கை வாசலுக்கு எடுக்க வேண்டாம்.