காந்தி ராட்டையில் நூல் நூற்றது நிஜப் போராட்டமா, வெறும் அடையாளமா?

இரண்டும்தான். வெறும் அடையாளம் என்பவர்கள் காசுக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். இங்கிருந்து பருத்தி கப்பலேறிப் போனது, இங்கிலாந்தின் லங்காஷயர் மில் துணி வந்து இறங்கியது, வீட்டில் நூல் நூற்றுப் பிழைத்த பெண்களின் பிழைப்பில் மண் விழுந்தது. காந்தி கைவைத்தது அந்த வியாபாரத்தில்தான்.

ஆனால் சபர்மதி ஆசிரமத்தில் நூற்கலாம் என்றபோது ராட்டையே கிடைக்கவில்லை! கங்காபென் மஜும்தார் என்ற பெண்மணி ஊர் ஊராகத் தேடி, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் பல வீடுகளின் பரணில் அவை கிடப்பதைக் கண்டுபிடித்தார். அந்த அளவுக்குத் தொழில் செத்துப்போயிருந்தது.

நூற்பது லேசான வேலை இல்லை. வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை பஞ்சுத் திரியைச் சீராகப் பின்னால் இழுக்க வேண்டும், கொஞ்சம் அவசரப்பட்டாலும் இழை பட்டென்று அறுந்துவிடும். 1924இல் பெல்காமில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் கட்சி உறுப்பினர் சந்தாவாக மாதம் 2000 கஜம் நூல் கேட்டார்கள். படித்தவர்களையும் கையால் உழைக்க வைக்கப் பார்த்த அந்த விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அடுத்த வருடமே காசாகவும் கட்டலாம் என்று தளர்த்திவிட்டார்கள்.

அப்புறம், கதர் ஏழைக்கு எட்டாத விலை என்ற புகார் அன்றும் இருந்தது. வாங்க வசதியில்லை என்று மக்கள் சொன்னதைக் கேட்டுத்தான் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி முழங்காலளவு வேட்டிக்கு மாறினார்.