திறப்பு விழா முடிந்த பிறகும் புதிய ஆய்வுக்கூடங்கள் ஏன் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன?

ரிப்பன் வெட்டியதும் தயாராகிவிடுவது வகுப்பறைகள் மட்டுமே. நாற்காலியும் புரொஜெக்டரும் வந்தால் மறுநாளே பாடம் நடத்தலாம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் கதை வேறு.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். அணுக்களின் வரிசையைக்கூடக் காட்டக்கூடிய அந்தக் கருவிக்குப் பக்கத்தில் லிஃப்ட் ஏறி இறங்கினாலே படம் கலங்கிவிடலாம். அதிர்வு ஒரு காரணம். லிஃப்டின் இரும்பு நகரும்போது மாறும் காந்தப்புலமும் எலெக்ட்ரான் கற்றையை அசைத்துவிடும் என்பது பலரும் எதிர்பார்க்காத காரணம். அதனால்தான் இதைப் பெரும்பாலும் தரைத்தளத்திலோ அதற்குக் கீழோ, சுற்றியுள்ள தளத்தோடு ஒட்டாத தனி கான்கிரீட் மேடையில் வைக்கிறார்கள். கருவியை நிறுவுவதற்கு முன் அதிர்வையும் காந்தப்புலத்தையும் அளந்து பார்ப்பார்கள். வரம்பு மீறியிருந்தால், சரிசெய்யும்வரை கருவி பெட்டியிலேயே தூங்க வேண்டியதுதான்.

வேதியியல் கூடத்தில் தலைவலி காற்று. நச்சுப்புகையை உறிஞ்சும் பெட்டியின் வாயில் காற்று நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். அதை மறுபடி அறைக்குள் விடாமல் பெரும்பாலும் வெளியேற்றிவிடுகிறார்கள். ஈடாக அதே அளவு புதிய காற்றைப் பதப்படுத்தி உள்ளே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பெட்டியாகச் சோதித்துச் சான்றளித்த பிறகே வேலை தொடங்கலாம்.

இவையெல்லாம் நியாயமான தாமதங்கள். எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று: கருவி வாங்கக் கோடிகளை ஒதுக்குபவர்கள், அதை இயக்கப்போகும் தொழில்நுட்பப் பணியாளரின் சம்பளத்தையும் ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் திட்டத்தில் எழுத மறந்துவிடுகிறார்கள். உங்கள் வளாகத்தில் கூடம் பூட்டியிருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.